அமெரிக்கப் புரட்சிப் போரில் அமெரிக்கத் தரப்பு தனியார் கப்பல்களை ஏவி பிரிட்டிஷ் கப்பல்களைப் பிடித்தது, அரசே அனுமதி கொடுத்த கடற்கொள்ளைதானே?

இல்லை என்பதுதான் என் பதில். பிரிட்டன் அதைக் கடற்கொள்ளை என்றுதான் சொன்னது. 1777-ல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, பிடிபட்ட அமெரிக்க மாலுமிகளைப் போர்க் கைதிகளாக ஏற்காமல், பிளிமத்தின் மில் சிறையிலும் போர்ட்ஸ்மத் அருகே ஃபோர்டன் சிறையிலும் விசாரணை இல்லாமல் அடைத்து வைத்தது. ஆனால் கொள்ளைக்காரன் பிடித்த சரக்கை அன்றைக்கே பங்கு போட்டுக்கொள்வான். பிரைவேட்டியர் எனப்படும் இந்தத் தனியார் போர்க்கப்பல்காரர்களுக்கு அந்த உரிமை கிடையாது. நீதிமன்றம் "இது முறையான பிடிப்பு" என்று தீர்ப்புச் சொல்லும்வரை ஒரு மூட்டையைக்கூட விற்கக் கூடாது. எனக்கு எல்லா வித்தியாசமும் அந்த ஒரு விதியில்தான் தெரிகிறது.

இந்த விதிகள் எப்படி வந்தன என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1775 செப்டம்பரில், பாஸ்டனை முற்றுகையிட்டிருந்த அமெரிக்கப் படைத் தலைவர் வாஷிங்டன், ஸ்கூனர் எனப்படும் பாய்மரக் கப்பல்களில் பீரங்கி ஏற்றிக் கடலுக்கு அனுப்பத் தொடங்கினார். கப்பல்கள் பிடிபட்டன. ஆனால் சரக்கின் சொந்தக்காரர் எதிரியா, நம் ஆளா, பங்கு யாருக்கு எவ்வளவு என்று முடிவு சொல்ல ஓர் அமைப்பு இல்லை. எல்லாத் தகராறும் அவர் தலையில் வந்து விழுந்தன. இதற்கு ஒரு நீதிமன்றம் வேண்டும் என்று அவர் காலனிகளின் பொதுச் சபையான காங்கிரஸுக்கு எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில் அவருடைய கேப்டன்கள் பிராட்டனும் செல்மனும், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பக்கம் ஆயுதம் ஏற்றி வரும் கப்பல்களை மறிக்கச் சொன்னதை விட்டுவிட்டு, இன்றைய கனடாவில் உள்ள சார்லட்டவுனில் இறங்கிச் சூறையாடி, அங்கே ஆளுநர் பொறுப்பில் இருந்தவரையே பிடித்து வந்தார்கள். வாஷிங்டன் அவரை உடனே விடுவித்தார். இது ராணுவம் அனுப்பிய கப்பல்கள் செய்த வேலை. அவற்றுக்கே இப்படியென்றால், லாபத்துக்காகப் போகும் தனியார் கப்பல் என்ன செய்யும்?

1775 நவம்பர் 1-ல் மாசச்சூசெட்ஸ் தனிச் சட்டம் கொண்டு வந்தது. அந்த மாதம் 25-ம் தேதி காங்கிரஸும் தீர்மானம் போட்டது. அப்போதுகூட ஆயுதக் கப்பல்களையும், பிரிட்டிஷ் படைக்குப் பொருள் கொண்டு போகும் கப்பல்களையும் மட்டும்தான் பிடிக்கலாம். பிரிட்டிஷ் மக்களுக்குச் சொந்தமான எல்லாக் கப்பல்களையும் பிடிக்கலாம் என்று கதவைத் திறந்தது 1776 மார்ச் 23-ல். சுதந்திரப் பிரகடனம் வர இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. இன்னும் ஒரு நாடு என்றே அறிவித்துக்கொள்ளாத சபை, ஒரு நாட்டைப் போலவே நடந்துகொண்டது. விதிகளில் இவ்வளவு கவனம் காட்டியதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒழுங்கு இல்லையென்றால் மற்ற நாடுகளின் துறைமுகங்கள் இந்தக் கப்பல்களைக் கொள்ளைக் கப்பல்களாகத்தான் பார்த்திருக்கும்.

சரி, அந்த விதிகள் என்ன? காங்கிரஸ் தலைவர் ஜான் ஹான்காக் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள் ஒவ்வொரு காலனிக்கும் போயின. அனுமதி கேட்பவர் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்: 100 டன் வரையிலான கப்பலுக்கு 5,000 டாலர், அதற்கு மேல் 10,000 டாலர். விதியை மீறினால் அனுமதி ரத்து, நஷ்ட ஈடும் கட்ட வேண்டும். கூடவே 1776 ஏப்ரல் 3 தேதியிட்ட கட்டளைகள். குடியேற வருபவர்களை ஏற்றி வரும் கப்பலையும், அமெரிக்கத் தரப்புக்கு ஆயுதம் கொண்டு வரும் கப்பலையும் தொடக் கூடாது. பிடிபட்டவர்களைக் கொல்வதோ சித்திரவதை செய்வதோ கடும் தண்டனைக்குரிய குற்றம். கைதிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு விடவும் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது தாள்களைப் பற்றிய கட்டளை. பிடித்த கப்பலின் பாஸ், வாடகை ஒப்பந்தம், பில் ஆஃப் லேடிங் என்ற சரக்கு ஏற்றிய ரசீது எல்லாவற்றையும் எடுத்தபடியே கொண்டு வர வேண்டும். கேப்டனையும் முக்கியமான ஓரிருவரையும் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். துறைமுகத்தில் சரக்குத் தாள்களோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன் என்பதால், இந்த வரியின் பலம் எனக்கு நன்றாகவே புரிகிறது. தாள் காணாமல் போனால் சரக்கு யாருடையது என்பதே அழிந்துவிடும். அப்புறம் வலுத்தவன் சொன்னதுதான் கணக்கு. தாள் இருந்தால் பத்திரிகையில் அறிவிப்பு வரும், உரிமை கோருபவர் நீதிமன்றம் வருவார், ஜூரி கேட்கும், அதற்குப் பிறகுதான் ஏலம்.

எதிரி பிடித்துக்கொண்டு போன அமெரிக்கக் கப்பலை மீட்டால் என்ன கணக்கு என்பதையும் எழுதி வைத்திருந்தார்கள். எதிரி கையில் 24 மணி நேரத்துக்குள் இருந்தால் மீட்டவருக்கு எட்டில் ஒரு பங்கு. 96 மணி நேரம் தாண்டினால் பாதி. மீதி பழைய உரிமையாளருக்கு.

ஆனால் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆள் விஷயத்தில் விதி தோற்றது. கப்பலில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பேர் கடல் வேலை தெரியாத நிலத்து ஆட்களாக இருக்க வேண்டும் என்று கட்டளை இருந்தது. எல்லா மாலுமிகளையும் தனியாரே அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற கவலைதான். பலன் இல்லை. தனியார் கப்பலில் லாபப் பங்கு அதிகம், கட்டுப்பாடு குறைவு. கடற்படைக் கப்பல்கள் ஆள் இல்லாமல் துறைமுகத்தில் கிடந்தன. ரோட் ஐலண்டும் மாசச்சூசெட்ஸும் அவ்வப்போது தனியார் கப்பல்கள் கிளம்பவே தடை போட்டுப் பார்த்தன.

நடுநிலை நாட்டுக் கப்பல்கள் இன்னொரு தலைவலி. அவற்றில் கை வைக்கக் கூடாது என்று 1778 மே மாதம் காங்கிரஸே பிரகடனம் வெளியிட வேண்டியிருந்தது. பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஃபிராங்க்ளின், பிரிட்டிஷ் சிறைகளில் வாடிய அமெரிக்கர்களுக்கு மாற்றாகக் கொடுக்கக் கைதிகள் வேண்டும் என்று, பிரெஞ்சுத் துறைமுகமான டன்கிர்க்கிலிருந்து ஐரிஷ் மாலுமிகள் ஓட்டிய பிளாக் பிரின்ஸ் போன்ற கப்பல்களுக்கு அனுமதி கொடுத்தார். அவை ஃப்ளோரா என்ற டச்சுக் கப்பலையும் பிடித்துவிட, பிரெஞ்சு அரசு முகம் சுளித்தது. 1780-ல் அந்த அனுமதிகள் திரும்பப் பெறப்பட்டன.

மேல்முறையீட்டில்தான் பெரிய ஓட்டை. 1778-ல் கனெக்டிகட்டைச் சேர்ந்த கிடியன் ஓம்ஸ்டெட்டும் இன்னும் மூவரும், தாங்கள் கைதிகளாக வேலை செய்ய வைக்கப்பட்டிருந்த ஆக்டிவ் என்ற பிரிட்டிஷ் கப்பலைக் கைப்பற்றினார்கள். கரையை நெருங்கும்போது பென்சில்வேனியாவின் ஒரு கப்பல் வந்து எங்களுக்கும் பங்கு என்றது. மாநில ஜூரி அந்த நால்வருக்குக் கால் பங்குதான் கொடுத்தது. காங்கிரஸின் மேல்முறையீட்டுக் குழு முழுவதும் அவர்களுக்கே என்றது. பென்சில்வேனியா அந்தத் தீர்ப்பை மதிக்கவே இல்லை. 1780-ல் தனி மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைத்தும் அதைச் செயல்படுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு வரவில்லை. 1809-ல் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஓம்ஸ்டெட் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகும், மாநிலப் படை வாசலில் நின்று, தீர்ப்பை நிறைவேற்ற வந்த மத்திய அரசு அதிகாரியைத் தடுத்தது. கடைசியில் மாநிலம் இறங்கி வந்தது. உயிரைப் பணயம் வைத்தவருக்கு நியாயம் கிடைக்க 30 ஆண்டுகள் ஆனதை நினைத்தால் இன்றும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

இந்த அனுமதி முறை இன்றும் இருக்கிறதா என்றால்: 1856-ல் பாரிஸ் பிரகடனம் இதை ஒழித்தது, ஆனால் அமெரிக்கா அதில் கையெழுத்திடவில்லை. அனுமதி கொடுக்கும் அதிகாரம் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவில், எட்டாம் உட்பிரிவில், காங்கிரஸின் பெயரில் இன்னும் அப்படியே இருக்கிறது.