குவெண்டோலனும் ஆற்றின் பெயரும்

வணக்கம் ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் 'போருக்குப் போன அரசிகள்' என்று பேசச் சொன்னார்கள். பூடிக்காவைத் தேடப்போய், அவளுக்கும் ஆயிரம் வருடம் முன்னாலேயே குவெண்டோலன் என்று ஒருத்தி பிரிட்டனை ஆண்டாள் என்று படித்தோம். தன்னை ஒதுக்கிவைத்த கணவனைப் போரில் வென்று 15 வருடம் ஆட்சி செய்தாளாம். படிக்கவே பெருமையாக இருந்தது. இவள் நிஜமாக இருந்தவளா? இருந்தால் ஏன் பூடிக்கா அளவுக்கு யாரும் பேசுவதில்லை? மகள் கேட்டது வேறு. "ஆத்துல தூக்கிப் போட்டாங்களே, அந்தப் பொண்ணு என்னம்மா தப்பு பண்ணா?" என்னிடம் பதில் இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிஜமாக இருந்தவள் இல்லை. பூடிக்கா விஷயம் வேறு. கி.பி. 60-61 வாக்கில் அவள் ரோமானியரை எதிர்த்துக் கிளம்பியதை ஓரிரு தலைமுறைக்குள் ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதிவைத்துவிட்டார். அவருடைய மாமனார் அக்ரிகோலா அந்தச் சமயத்தில் பிரிட்டனில் ரோமப் படை அதிகாரியாக இருந்தவர். லண்டனிலும் கோல்செஸ்டரிலும் ஆழத் தோண்டினால் அவள் வைத்த நெருப்பில் வெந்த சிவப்பு மண் இன்றும் தட்டுப்படுகிறது.

குவெண்டோலனுக்கு மண்ணில் ஒரு தடயமும் கிடையாது. ஏறத்தாழ 1136-இல் மான்மத் ஊர்க்காரரான ஜெஃப்ரி என்ற பாதிரியார் பிரிட்டன் அரசர்களின் வரலாறு என்று லத்தீனில் ஒன்று எழுதினார். அதில்தான் அவள் பிறக்கிறாள். லியர் மன்னனும் அவன் மூன்று மகள்களும் முதலில் வருவதும் அதில்தான். பழைய பிரிட்டானிய மொழிப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது, நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான் என்கிறார் ஜெஃப்ரி. அந்தப் புத்தகத்தை வேறு யாரும் பார்த்ததில்லை. அதே நூற்றாண்டிலேயே நியூபர்க் வில்லியம் என்ற துறவி, இவர் எழுதியது எல்லாம் புளுகு என்று போட்டு உடைத்துவிட்டார். ஆயிரம் வருடக் கணக்கும் பின்னால் வந்தவர்கள் போட்டதுதான். ஜெஃப்ரி வருடம் சொல்லவில்லை. யூதேயாவில் சாமுவேல் தீர்க்கதரிசி இருந்த காலம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆனால் கதை நல்ல கதை. ட்ராயிலிருந்து வந்து பிரிட்டனின் முதல் அரசனானதாக ஜெஃப்ரி சொல்லும் ப்ரூட்டஸின் மூத்த மகன் லோக்ரினஸ். அப்பாவின் தோழனும் கார்ன்வால் தலைவனுமான கொரினியஸின் மகள் குவெண்டோலனை அவனுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். இடையில் ஹம்பர் என்ற அரசன் படையெடுத்து வந்து தோற்கிறான். அவன் கப்பலில் இருந்த எஸ்ட்ரில்டிஸ் என்ற ஜெர்மானிய இளவரசியைப் பார்த்ததும் லோக்ரினஸுக்குப் புத்தி தடுமாறுகிறது. கொரினியஸ் கோடரியும் கையுமாக வந்து நிற்கிறார். வேறு வழியில்லாமல் குவெண்டோலனுக்கே தாலி கட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ட்ரில்டிஸையும் விடவில்லை. லண்டனில் தரைக்கு அடியில் அறை தோண்டி அவளை 7 வருடம் ஒளித்துவைக்கிறான். எங்கே போகிறாய் என்று கேட்டால், தெய்வங்களுக்கு ரகசிய பலி கொடுக்கப் போகிறேன் என்பானாம். மாமனார் செத்த பிறகுதான் தைரியம் வந்து, மனைவியைத் தள்ளிவிட்டு எஸ்ட்ரில்டிஸை அரசியாக்குகிறான். குவெண்டோலன் அப்பா ஊருக்குப் போய்ப் படை திரட்டிக்கொண்டு திரும்பி வருகிறாள். ஸ்டூர் நதிக்கரையில் அம்பு பட்டு லோக்ரினஸ் சாகிறான். எஸ்ட்ரில்டிஸையும், அவளுக்குப் பிறந்த மகள் ஹாப்ரெனையும் வேறோர் ஆற்றில் தள்ளச் சொல்கிறாள் குவெண்டோலன். கூடவே ஓர் ஆணை: இந்த ஆறு இனி அந்தப் பெண்ணின் பெயரில் ஓடட்டும், அவள் என் கணவனின் மகள்.

அந்த ஆறுதான் செவர்ன், பிரிட்டனின் மிக நீளமான ஆறு. வெல்ஷ் மொழியில் இன்றும் ஹாஃப்ரென். லத்தீனில் சப்ரினா. அந்தப் பெயரை டாசிடஸே எழுதியிருக்கிறார், ஜெஃப்ரிக்கு ஆயிரம் வருடம் முன்னால். உங்கள் மகளுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆற்றுக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்தது, அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் ஒரு பெண் அதில் விழுந்து சாகும்படி ஆயிற்று. ஹம்பர் ஆற்றுக்காக ஹம்பர் முழுகினான். கார்ன்வாலுக்காக கொரினியஸ் வந்தார். தலபுராணம் எழுதுகிறவர்களின் கைவேலை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

இருந்தும், "என் கணவனின் மகள்" என்ற அந்தக் காரணத்தை ஜெஃப்ரி வைத்திருக்க வேண்டியதே இல்லை. பெயருக்குக் கதை சொல்ல, முழுகினாள் என்பதே போதும். கொன்றவளே மரியாதையும் செய்கிறாள், அதுவும் தன்னைத் தள்ளிவிட்டவனின் பெயரால். மற்றதெல்லாம் சரக்கு, இந்த ஒரு இடத்தில் மனுஷன் எழுத்தாளர்.

ஒரு பெண்ணை ஏன் அரியணையில் உட்காரவைத்தார் என்று கேட்டால், அவர் காலத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றி தன் மகள் மடில்டாதான் வாரிசு என்று 1127-இல் பிரபுக்களைச் சத்தியம் செய்யவைத்தார். 1135-இல் அவர் கண் மூடியதும் அவருடைய சகோதரி மகன் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடி சூடினார். ஜெஃப்ரி நூலைக் காணிக்கையாக்கிய க்ளூஸ்டர் பிரபு ராபர்ட், மடில்டாவின் அண்ணன், தாய் வேறு. (ஒரு பிரதியில் ஸ்டீபன் பெயரும் இருக்கிறது. பாதிரியார் உஷார்.) குவெண்டோலன் 15 வருடம் ஆண்டு, மகன் மடான் வளர்ந்ததும் நாட்டை அவனிடம் கொடுத்துவிட்டு கார்ன்வாலோடு நின்றுகொள்கிறாள். மடில்டாவுக்கு முடி கிடைக்கவே இல்லை, மகன் இரண்டாம் ஹென்றிதான் 1154-இல் அரசனானான்.

ஏன் பேசப்படவில்லை? பூடிக்காவுக்கு வெளியிலிருந்து வந்த எதிரி இருந்தான், 1902-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே ரதத்தோடு சிலை வைக்க அது போதும். அவள் ஆட்களும் ஈவிரக்கம் பார்த்தவர்கள் அல்லர், அதை யாரும் சிலையில் செதுக்க மாட்டார்கள். குவெண்டோலனின் எதிரி அவள் வீட்டுக்குள் இருந்தான். ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1634-இல் லட்லோ கோட்டையில் நடிக்க எழுதிக்கொடுத்த நாடகத்தில் அவள் வெறும் கோபக்கார மாற்றாந்தாய். அங்கே சப்ரினா (அதே ஹாப்ரென்தான்) அவளிடமிருந்து தப்பி ஓடித் தானே ஆற்றில் குதிக்கிறாள், நீர்த்தேவதைகள் தாங்கிக்கொள்கிறார்கள், அவள் ஆற்றின் தெய்வமாகிறாள்.

மகள் குவெண்டோலனைப் பற்றியும் பேசட்டும். கதை என்று சொல்லிவிட்டுப் பேசினால் போதும், ஆற்றில் தள்ளியதை மட்டும் விட்டுவிட வேண்டாம். படம் ஏதாவது காட்ட வேண்டுமென்றால், ஷ்ரூஸ்பரியில் செவர்ன் கரைப் பூங்காவில் சப்ரினாவுக்கு ஒரு சிலை இருக்கிறது.