அப்பா தேடும் அந்த நள்ளிரவு ரயில் இசை

உங்கள் அப்பா 80களில் லெனின்கிராடில் படித்தபோது நள்ளிரவு மாஸ்கோ ரயில் கிளம்புகையில் ஸ்டேஷனில் கேட்ட, பாடல் வரிகள் இல்லாத இசையைத் தேடுகிறீர்கள், ‘ஸ்லாவ்யான்கா’ என்ற ரஷ்ய மார்ச்சைப் போட்டுக் காட்டியும் இது இல்லை என்கிறார், அப்படித்தானே? அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஸ்லாவ்யான்கா பேண்டு வாத்தியத்தில் நடைபோடும் இசை. அவர் கேட்டது சோவியத் இசையமைப்பாளர் கிளியேரின் (Glière) ‘மாநகர கீதம்’ என்றே நினைக்கிறேன், ‘வெண்கலக் குதிரைவீரன்’ பாலேயில் வருவது. அந்த ஊர் மாஸ்கோவ்ஸ்கி ஸ்டேஷனிலிருந்து ‘கிராஸ்னயா ஸ்த்ரெலா’ (‘சிவப்பு அம்பு’) என்ற மாஸ்கோ ரயில் 23:55க்குக் கிளம்பும்போது 1965 முதல் அதைத்தான் போடுகிறார்கள்.

நானும் ஒருமுறை அந்த வண்டியில் போனேன். ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன், இசை பிளாட்பாரத்தோடு மெல்லப் பின்னால் போனது, அப்புறம் ரயில் பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் அம்மா உலோகப் பிடி போட்ட கண்ணாடி டம்ளரில் கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார், ரயில் வேகமெடுக்க எடுக்க உள்ளே கிடந்த ஸ்பூன் கிணிகிணியென்று அடித்துக்கொண்டே வந்தது. இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் மனசு அங்கே போய்விடும்.

யூடியூபில் கிளியேர் பெயரைப் போட்டுத் தேடுங்கள், முழு ஆர்கெஸ்ட்ரா வாசித்ததாக எடுங்கள். அப்பா என்ன சொன்னார் என்று அவசியம் எழுதுங்கள்.