மகன் கவனிப்பதில்லை என்று எழுதியது யார்?

கேள்வி: எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மாவுக்கு 67 வயது, ஊரில் தனியாக இருக்கிறார். நாலு வருஷமாக வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை ஐந்து மாதமாக வரவில்லை. போய்க் கேட்டால், மகன் வேலையில் இருப்பதும் மாடி வீடு இருப்பதும் விசாரணையில் தெரிந்தது, நிறுத்திவிட்டோம் என்கிறார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. விண்ணப்பம் போட்டபோது வழக்கமாக எல்லோரும் எழுதுகிற மாதிரி மகன் கவனிப்பதில்லை என்று எழுதி அம்மாவிடம் கைநாட்டு வாங்கிக் கொடுத்தோம், அதை இப்போது பெரிதாக்குகிறார்கள். முதுமையில் அரசு உதவ வேண்டும் என்று அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியிருக்க, கொடுத்ததை நிறுத்த இவர்களுக்கு என்ன அதிகாரம்? ஹைகோர்ட்டில் ரிட் போடலாம், இருபதாயிரம் ஆகும் என்கிறார் வக்கீல். என் மனைவியும் போடச் சொல்கிறாள். போடலாமா?
— பெயர் வேண்டாம், பென்னாகரம் வட்டம்

பதில்: கைநாட்டு வாங்கும் முன் அந்த மனுவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினீர்களா தம்பி?

மற்றதெல்லாம் அப்புறம். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் பாலக்கோட்டிலிருந்து வரும், அரூரிலிருந்து வரும், ஊத்தங்கரையிலிருந்தும் வரும். எல்லாம் அரசாங்கத்தைத் திட்டித்தான் ஆரம்பிக்கும், நடுவில் எங்கேயோ ஒரு வரி போகிற போக்கில் வந்துவிட்டுப் போகும். உங்கள் கடிதத்தில் அந்த வரி, மகன் கவனிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தோம் என்பது. அது பொய்யென்றால், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் கட்டைவிரலை வைத்து நீங்கள் அரசிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையென்றால், நீங்கள் வழக்குப் போட வேண்டிய ஆள் தாசில்தார் இல்லை. இரண்டில் எது என்று நீங்கள் சொல்லவே இல்லை. வழக்கமாக எழுதுவதுதானே என்று தாண்டிப் போய்விட்டீர்கள். அம்மாவுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை இல்லை. வக்கீல் ஃபீஸ் மட்டும் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

41ஆவது பிரிவை நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள். வேலையில்லாமை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்று அது சொல்வது உண்மை. தன் பொருளாதாரத் திறனின் எல்லைக்குள் செய்ய வேண்டும் என்றும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. அதற்கு நாலு பிரிவு முன்னால், 37இல், 41 மாதிரியான வழிகாட்டு நெறிகளை நீதிமன்றம் வழியாக அமல்படுத்த முடியாது, ஆனால் நாட்டை ஆள்வதற்கு இவை அடிப்படை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்காக அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலேயே சண்டை நடந்தது. பேங்குக்கு வசதிப்பட்டால் மட்டும் பணம் கிடைக்கிற செக் இது என்று சபை உறுப்பினர் கே.டி. ஷா அங்கே கேலி செய்தார். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று பேசும்போது, இவற்றை மீறுகிறவர் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்காது, தேர்தல் நேரத்தில் வாக்காளர்களிடம் நிச்சயமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றார். அதனால் 41ஐ மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஹைகோர்ட் படி ஏறினால் காரியம் நடக்காது.

அரசியலமைப்பை வைத்து யோசிக்கிறவர்கள் உதவித்தொகைக் கட்டுப்பாடு என்று வந்தால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பார்கள். யாருக்குக் கொடுப்பது என்று வரம்பு போடலாமா என்பது ஒன்று, கொடுத்ததை எப்படி நிறுத்தலாம் என்பது இன்னொன்று. நீங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள்.

முதல் கேள்வியில் கோர்ட்டுகள் பெரும்பாலும் அரசு பக்கம்தான் நிற்கும். மகளிர் உரிமைத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் 2023 ஜூலை 24 அன்று நம் தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர், வருஷத்துக்கு 3600 யூனிட் கரன்ட் என்று அப்போதே வேலி போட்டுவிட்டார்கள். கார் இருந்தால் கிடையாது. இதெல்லாம் 14ஆவது பிரிவின் சமத்துவத்துக்கு எதிரானதா என்று கேட்டால், வேலிக்கும் திட்டத்தின் நோக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றுதான் கோர்ட் பார்க்கும். வசதி உள்ளவரை விலக்குவதில் சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுக்கு மேல் உதவி இல்லை என்று மேரிலாண்ட் மாநிலம் உச்சவரம்பு வைத்ததை அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1970 ஏப்ரல் 6 அன்று செல்லும் என்றது.

ஆனால் அதே நீதிமன்றம், அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, மார்ச் 23 அன்று, கோல்ட்பர்க் எதிர் கெல்லி என்ற வழக்கில் நியூயார்க் நகரத்தைப் பிடித்து உலுக்கியது. உதவி வாங்குகிறவர்களை நேரில் விசாரிக்காமலே அங்கே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். முதலில் நிறுத்து, பிறகு விசாரி என்பது செல்லாது, நிறுத்துவதற்கு முன்பே அந்த ஆள் வாய்திறந்து தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், ஏனென்றால் அந்தப் பணத்தை நம்பியே பிழைக்கிறவர் தீர்ப்பு வரும்வரை எதைச் சாப்பிடுவார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வரம்பு போடுவதில் தாராளமாக விட்டவர்கள் பிடுங்குவதில் கறாராக இருந்தார்கள். ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போய், வேலைக்குப் போக மறுத்தவருக்குக்கூட அடிப்படை உதவியில் 30 சதவீதத்துக்கு மேல் வெட்டக் கூடாது, மனித கண்ணியம் என்று ஒன்று இருக்கிறது என்று 2019 நவம்பரில் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது.

நம் ஊரிலும் இதற்கு வழி இருக்கிறது. மேனகா காந்தி வழக்கில் 1978இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒருவரைப் பாதிக்கிற நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்பது உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆவது பிரிவுக்குள் வந்துவிட்டது. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, முதியோர் உதவித்தொகையை மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்கச் சொன்னது. ஆக, நோட்டீஸ் இல்லாமல், அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல், எழுத்தில் உத்தரவும் தராமல் நிறுத்தியிருந்தால் அது தப்பு. இந்த இடத்தில் அரசியலமைப்பு உங்கள் அம்மா பக்கம் இருக்கிறது. உங்கள் பக்கம் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிட் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? அரசு வக்கீல் எழுந்து முதலில் வாசிக்கப்போவது அந்த மனுவைத்தான். உண்மையை மறைத்து வந்தவருக்கு ரிட்டில் நிவாரணம் இல்லை, சுத்தமான கைகளோடு வர வேண்டும் என்பது எந்த ஜூனியருக்கும் தெரியும். இருபதாயிரம் கேட்டவர் இதைச் சொன்னாரா? இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று 2007இல் ஒன்று வந்தது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மகன் மேல் அம்மா மனுக் கொடுத்தால் மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை கொடுக்க உத்தரவிடலாம். அதற்கு வேண்டிய ஆதாரத்தை நீங்களே எழுதி, கைநாட்டும் வாங்கி, அரசாங்கக் கோப்பில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்.

மகன் கவனிக்காவிட்டால்தான் உதவித்தொகை என்கிற அந்த விதிமேலும் எனக்குக் கோபம் உண்டு. 1962இல் இருந்து இந்த மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை இருக்கிறது, 2023இல் அதை 1200 ஆக்கினார்கள். வயசானவர் என்பதற்காக அது கிடைக்க வேண்டும், மகன் யோக்கியனா இல்லையா என்பதற்காக இல்லை. காலமெல்லாம் ராகிக் கொல்லையிலும் கடலைக் கொல்லையிலும் குனிந்து நிமிர்ந்தவள், பெற்ற பிள்ளையைக் கெட்டவனாக்கி எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்பது கேவலம். ஆனால் அதை மாற்ற ஊரில் பேசுங்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் கேளுங்கள். அம்பேத்கர் காட்டிய இடம் அதுதான். பொய் மனு எழுதுவதால் ஒன்றே ஒன்றுதான் நடக்கிறது: நாளைக்கு நிஜமாகவே மகன் துரத்திவிட்ட கிழவி அதே வரியோடு வந்து நின்றால், எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று வி.ஏ.ஓ. தலையைத் திருப்பிக்கொள்வார். அவளுக்கு யார் பதில் சொல்வது?

சோறு போடுகிறோமே, அவளுக்கு எதற்குத் தனியாகக் காசு என்று கேட்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது. நீங்கள் அதுவும் போடவில்லை, அவர் தனியாகப் பொங்கித் தின்கிறார். அந்த 1200 யாரிடமும் கை நீட்டாமல் அவர் செலவு செய்த பணம். வெற்றிலை, மாத்திரை, பேரப்பிள்ளை வந்தால் கையில் வைக்க ஒரு பத்து ரூபாய். டவுன் பஸ் மட்டும்தான் இலவசம், மற்றதற்கெல்லாம் காசு வேண்டும். ஐந்து மாதமாக அது இல்லாமல் அவர் எப்படி இருந்தார் என்று நீங்கள் கேட்டதாகவே தெரியவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போங்கள். பழைய மனுவில் என்ன எழுதியிருந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் புதிதாக ஒரு மனு. மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான், மாதம் இவ்வளவு தருகிறான் அல்லது ஒன்றும் தருவதில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதி, நிறுத்திய உத்தரவின் நகலும் நேரில் விசாரணையும் கேளுங்கள். இந்த முறை முழுவதையும் படித்துக் காட்டிய பிறகு கைநாட்டு. கூடவே பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று போட்டு விசாரணை அறிக்கையைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கவே இருக்கிறது, அம்மாவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். எல்லாம் கேட்டுவிட்டு, வசதியுள்ள மகன் இருக்கிறார், தகுதி இல்லை என்று முறையாக எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அந்த 1200 உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டியது. 1200 என்ன, இரண்டாயிரமாகவே மாதம் முதல் தேதி அம்மா கணக்குக்குத் தானாகப் போகிற மாதிரி பேங்கில் எழுதிக் கொடுங்கள், பாஸ்புக் அம்மாவிடமே இருக்கட்டும். மனைவியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கேட்டுவிட்டு இல்லை.

வக்கீலுக்கு என்று எடுத்து வைத்த இருபதாயிரம் அம்மாவுக்குப் பதினாறு மாதத்துக்கு மேல் வரும் பணம். அதை இந்த வாரமே அவர் கணக்கில் போட்டுவிட்டு, ரிட் போடுவதைப் பற்றி அப்புறம் எழுதுங்கள்.