கிராமத்து உரக்கடையில் நோட்டுக் கணக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற எங்கிருந்து தொடங்குவது?

அப்பா நடத்தும் உரக்கடை, உரம், பூச்சி மருந்து, விதை மூன்றும் உண்டு, கணக்கெல்லாம் இன்னும் நோட்டில். டச் ஸ்கிரீன் பில்லிங் மெஷின், பார்கோடு ஸ்கேனர் எல்லாம் சேர்த்து ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் குடும்பமும் இதே தொழில்தான். கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறிப் பல வருஷமாகிறது. உரக்கடையில் பணம் வீணாகிற இடம் குடோனும் கடன் நோட்டும்தான். கல்லாவில் மெஷின் வைத்து அதைத் தடுக்க முடியாது.

சூப்பர் மார்க்கெட்டில் ஒருவர் முப்பது பொருளைக் கூடையில் அள்ளி வருவார், அங்கே ஸ்கேனர் வேண்டும். நம்மிடம் வருகிறவர் வாங்குவது இரண்டு மூட்டை யூரியா, ஒரு டப்பா மருந்து. நமக்கு முக்கியம் பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்குப் போடும் எண். ஒரே மருந்தில் 60 மில்லியும் 150 மில்லியும் இருக்கும். 60 மில்லியிலேயே இரண்டு பேட்ச், இரண்டு எக்ஸ்பயரி, சில சமயம் இரண்டு விலை. காலாவதியான மருந்தைத் தனியே ஒதுக்கி, விற்பனைக்கு அல்ல என்று முத்திரை போட்டு வைக்கவேண்டும் என்பது பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் அலமாரியின் பின்வரிசையில்தான் முதலில் கை விடுவார்கள். விதைக்கு அதே மாதிரி லாட் நம்பர். முளைப்புத்திறன் பரிசோதித்த தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் செல்லும்.

அதனால் சாப்ட்வேர் விற்க வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்த மூன்று மாதத்தில் காலாவதியாகப் போகிற சரக்கு எது, எந்தக் கொள்முதல் பில்லில் வந்தது? அங்கேயே திரையில் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால்தான் மொத்த வியாபாரியிடம் மாற்றித் தரும்படி கேட்க முடியும், தேதி தாண்டிவிட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மெடிக்கல் ஷாப்புக்கு எழுதிய சாப்ட்வேர் நம் கடைக்கு ஓரளவு ஒத்துப்போகும். மளிகைக் கடைக்கு எழுதியதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை.

பொருள் பட்டியல் ஏற்றும் வேலையை அவர்களிடம் விடாதீர்கள். ரசாயனப் பெயரில் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். கடைக்கு வருகிறவரோ, “தம்பி, போன தடவை குருத்துப்பூச்சிக்குக் கொடுத்தீங்களே, அந்தப் பச்சை மூடி” என்பார். ஒவ்வொரு பொருளுக்கும் அப்பா வாயில் வருகிற பேரையும் சேர்த்து ஏற்றுங்கள். அதைத் தட்டினாலும் பொருள் வரவேண்டும். இல்லையென்றால் அப்பா ஒரு வாரத்தில் நோட்டுக்குத் திரும்பிவிடுவார்.

அடுத்தது கைரேகை மெஷின். மானிய உரத்தை ஆதார் சரிபார்த்து பிஓஎஸ் மெஷினில் விற்கும் முறை 2018 வாக்கில் நாடு முழுக்க வந்துவிட்டது, உங்கள் கடையிலும் இருக்கும். அதில் விற்றதாகப் பதிவானால்தான் கம்பெனிக்கு மானியம் போகும். எங்கள் பில்லிங் சாப்ட்வேரும் அந்த மெஷினும் ஒன்றோடொன்று பேசாது, யூரியா, டிஏபி மாதிரி மானிய உரத்துக்கெல்லாம் இரட்டைப் பதிவுதான். சம்பா மேலுர நேரத்தில் வாசலில் வரிசை நிற்கும்போது, வயல் வேலையில் தேய்ந்த விரல் மெஷினில் விழாது. சரி, மூட்டையை ஏற்று, ரேகை அப்புறம் பார்க்கலாம் என்று விடத் தோன்றும். விட்டால் மெஷினில் ஒரு இருப்பு, குடோனில் ஒரு இருப்பு. லைசென்ஸுக்கே வேட்டு வைக்கும் வித்தியாசம் அது. சாயங்காலம் ஷட்டரை இறக்குமுன் மெஷின், கம்ப்யூட்டர், மூட்டை மூன்றையும் எண்ணிச் சரிபாருங்கள். அந்த எண்ணிக்கையையே மறுநாள் காலை ஸ்டாக் போர்டில் எழுதிவிடலாம்.

கடன் பாக்கிதான் பெரிய வேலை. ஒரே ஊரில் மூன்று முருகேசன் இருப்பார்கள், இனிஷியலும் ஒன்றாக இருந்து தொலைக்கும். தெருப் பேர், பட்டப்பேர் எல்லாம் சேர்த்து ஏற்றுங்கள். பழைய பாக்கியைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஆளை வரச்சொல்லி, நோட்டை எதிரில் வைத்துப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சண்டை வராது.

பாக்கி விவரத்தை வாட்ஸப்பில் தானாக அனுப்பும் வசதியைப் பெருமையாகக் காட்டுவார்கள். அதை நிறுத்தி வையுங்கள். பெரியவர்கள் பாதிப்பேர் கொடுத்திருப்பது மகன் நம்பர். அவர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அப்பாவின் கடன் மகன் போனில் போய் விழுந்தால் அடுத்த சீசனுக்கு அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். அறுவடை முடிந்ததும் நேரில் கேட்பதுதான் எங்கள் வழக்கம், இன்றுவரை அதை மாற்றவில்லை.

எப்போது மாறுவது? காவிரி டெல்டா என்றால் ஏப்ரல் 1. சம்பா அறுவடை முடிந்திருக்கும், குடோனும் ஓரளவு காலியாக இருக்கும், மார்ச் 31 இருப்பை எப்படியும் எண்ணத்தான் போகிறீர்கள். ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கும்போது இதில் கை வைக்கவே கூடாது.

வரி விஷயத்தை ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து முடித்துவிடுங்கள். விதைக்கு ஜிஎஸ்டி இல்லை, உரத்துக்கு 5 சதவீதம், ரசாயனப் பூச்சி மருந்துக்கு 18. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் பில்லில் வரியைத் தனியாகப் போட்டு வாங்கக்கூடாது, சாப்ட்வேரில் அதற்கு வேறு பில் வடிவம் வேண்டும்.

கொட்டேஷனில் நான் நீக்கச் சொல்வது டச் ஸ்கிரீனை. சாதாரண கம்ப்யூட்டர் போதும். அதோடு ஒரு யுபிஎஸ், நம் ஊர் கரண்டுக்கு அதைத் தவிர்க்க முடியாது. ஸ்கேனர் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், மருந்து அலமாரிக்கு மட்டும் ஒரு வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். தெர்மல் பிரிண்டரும் போட்டிருப்பார்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும். தமிழ் எழுத்து வருமா என்றும் அச்சடித்துப் பார்க்கவேண்டும், பல மாடல்களில் கட்டம் கட்டமாகத்தான் வரும். விதை முளைக்கவில்லை, மருந்தில் பயிர் கருகிவிட்டது என்று புகார் வரும்போது விவசாயி கையில் இருக்கிற சாட்சி அந்த பில்தான், லாட் நம்பரும் பேட்ச் நம்பரும் அதில்தான் இருக்கும். விதைக்கும் மருந்துக்கும் சாதாரணத் தாளில் அடிக்கிற லேசர் பிரிண்டரையே வாங்குங்கள்.