மாடி அறைக்கு ஆறு லட்சமா?

கேள்வி: ஏற்காட்டில் சொந்த வீடு, வயது 63. பிள்ளைகள் பெங்களூரில் இருப்பதால் மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட ஆசை. டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், கட்டில் எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதே அளவு பணம் இருக்கிறது. போட்டு இரண்டரை வருடம் ஆகிறது. எடுக்கலாமா?

பதில்: அறையை தாராளமாக வாடகைக்கு விடுங்கள், அம்மா. ஆனால் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 12,300 ரூபாய் உங்கள் கைக்கு வருகிறது. மழை பெய்தாலும் விருந்தினர் வராவிட்டாலும் வரும் பணம் அது. இப்போது கணக்கை முடித்தால் அசலில் ஒரு சதவீதம், அதாவது 6,000 ரூபாய் பிடிப்பார்கள். வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. முழுக் கணக்கையும் மூட வேண்டும்.

முதலில் ஒரே ஒரு அறை. வங்கியின் சாதாரண சேமிப்புக் கணக்கில் இருந்து ஒன்றரை லட்சத்துக்குள் முடியுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்காக யாரும் ஒரு இரவு கூடுதலாகத் தங்கப்போவதில்லை. ஏற்காட்டில் விருந்தினரை விரட்டுவது ஓதம்தான். கதவைத் திறந்ததும் பூசண வாடை அடித்தால் அப்புறம் எந்தக் கட்டிலும் காப்பாற்றாது. தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது, மொட்டை மாடியிலா, பனி அடிக்கும் பக்கத்துச் சுவரிலா என்று பார்த்து அதை அடைத்துவிட்டுத்தான் பெயிண்ட். மேலே பூசி மறைத்தால் அடுத்த மழைக்கே உரிந்து வரும். அடுத்து கீசர், நல்ல மெத்தை, கனமான கம்பளி. பெட்ஷீட் கட்டிலுக்கு மூன்று செட் வாங்குங்கள். மூடுபனி நாட்களில் துவைத்தது காய நாள் கணக்காகும்.

வருமானத்தை மே மாதக் கோடை விழாக் கூட்டத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒரு இரவுக்கு 2,000 ரூபாய், மாதம் சராசரி 6 இரவு என்று வைப்போம். காலை டிபன், சலவை, சுத்தம் செய்பவர் கூலி, கேஸ், முன்பதிவுத் தளத்தின் கமிஷன் எல்லாம் போக இரவுக்கு 1,300 நின்றால் மாதம் 7,800. ஒன்றரை லட்சம் திரும்ப ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். இது என் உத்தேசம். பக்கத்தில் அறை விடுகிறவர்களிடம் ஜூலை, ஆகஸ்டில் வார நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேட்டு, அந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் எனக்குக் கவலை. மெத்தை விரிப்போடு தினமும் மாடி ஏறப்போவது யார்? நீங்களே என்றால் வேண்டாம். ஆள் கிடைத்த பிறகு தொடங்குங்கள்.

சுற்றுலாத் துறையில் பதிவு, மின்வாரியத்தில் கட்டண வகை பற்றி விசாரணை, இரண்டையும் முன்பே முடித்துவிடுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் டிபன், சுத்தம் என்று சேவையும் தருவதால் இதைத் தொழில் வருமானமாகக் காட்ட வேண்டி வரலாம். செலவு ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும்.

ஒரு முழு வருடம், மழைக்காலமும் சேர்த்து, எத்தனை இரவு நிரம்பியது என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது அறைக்கு வங்கியில் முத்ரா கடன் கேட்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.