ஃப்ரெஷ் ஏர் வானொலி நிகழ்ச்சியில் அப்படி என்ன விசேஷம்?

இந்த அமெரிக்கப் பேட்டி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் டெர்ரி க்ரோஸ், ஒரே ஆளாக எப்படி இன்று நடிகரையும் நாளை விஞ்ஞானியையும் பேட்டி எடுக்க முடிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் எளிது: வீட்டுப்பாடம்.

ஃபிலடெல்பியாவின் டபிள்யூஎச்ஒய்ஒய் வானொலியில் உள்ளூர் நிகழ்ச்சியாக இருந்த இதை டெர்ரி 1975இல் ஏற்றார். 1985இல் வாராந்தர நிகழ்ச்சியாக நாடு முழுக்கப் போனது, 1987இல் அமெரிக்காவின் பொது வானொலி அமைப்பான என்பிஆர் வழியாகத் தினசரியானது. விருந்தினர் எழுத்தாளர் என்றால் அவருடைய புத்தகத்தைப் படித்துக் குறிப்பெடுத்துவிட்டுத்தான் உட்காருவார்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பெரும்பாலான பேட்டிகளில் இருவரும் நேரில் பார்த்துக்கொள்வதே இல்லை. விருந்தினர் வேறு ஊர் ஸ்டுடியோவில் இருப்பார், நடுவில் குரல் மட்டும்தான். முகம் தெரியாதபோது கூச்சம் குறைந்துவிடும் போல. பேட்டி தொடங்கும் முன்பே டெர்ரி, “ரொம்ப அந்தரங்கமாகப் போனால் சொல்லுங்கள், வேறு விஷயத்துக்குப் போய்விடலாம்” என்கிற மாதிரியும் சொல்லிவிடுவார். அரசியல்வாதிகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது!

அப்புறம், இது நேரலை இல்லை. பதிவு செய்து, வெட்டிச் சுருக்கித்தான் ஒலிபரப்புகிறார்கள். கேட்கும்போது தெரியும் அந்தச் சரளத்தில் எடிட்டருக்கும் பங்குண்டு. 2023 முதல் டோன்யா மோஸ்லியும் இணைத் தொகுப்பாளர்.