தாய் ஓடுமா, சேய் ஓடுமா? மொழி மாற்றும் நிரலாளரின் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைக்குச் சனிக்கிழமைகளில் நிரல் பழக வருபவர்கள் எழுதித் தந்த கேள்விகள் இவை. ஒரு மொழியில் ஒழுங்காக ஓடிய நிரலை இன்னொரு மொழிக்கு மாற்றியவுடன் விடை பிசகுகிறது என்பதே எல்லோருடைய குறையும்.

உப்புவெளி மாணவி: அக்கா, மீன் ஏலக் கணக்கு நிரலை ஜாவாவிலிருந்து சி++க்கு வரிக்கு வரி மாற்றினேன். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஒரு பிழையும் சொல்லவில்லை. ஆனால் சூரைக்கும் பாரைக்கும் ஒரே விலை வருகிறது. ஏன்?

தங்கச்சி, வரியை மாற்றினீர்கள், அதன் பின்னால் இருந்த விதி கூட வரவில்லை. வகுப்பு என்பது பொருள்களை வார்க்கும் அச்சு, மெதட் என்பது அதற்குள் எழுதிய செயல். 'மீன்' என்ற தாய் வகுப்பிலும் அதிலிருந்து பிறந்த 'சூரை' என்ற சேய் வகுப்பிலும் 'விலை' என்ற மெதட் இருக்கிறது. மாறியை மீன் என்று அறிவித்து, அதில் ஒரு சூரையை வைத்து, விலையைக் கேட்கிறீர்கள். ஜாவா, நிரல் ஓடும்போது உள்ளே இருக்கும் பொருள் எது என்று பார்த்துச் சூரையின் விலையைச் சொல்லும். இதுதான் டைனமிக் டிஸ்பாட்ச். ஸ்டாட்டிக் (பொருளின்றி வகுப்பின் பெயரால் அழைப்பவை), பிரைவேட் (அந்த வகுப்புக்குள் மட்டும் தெரிபவை) மெதட்கள் நீங்கலாக ஜாவாவில் இதுவே வழக்கம். சி++ அப்படியல்ல. தாய் வகுப்பில் 'வெர்ச்சுவல்' என்று எழுதாவிட்டால், கம்பைலர் அறிவிப்பை மட்டும் பார்த்து மீனின் விலையைக் கட்டிவிடும். சி ஷார்ப்பில் தாயில் 'வெர்ச்சுவல்', சேயில் 'ஓவர்ரைட்' (தாயின் மெதட்டைச் சேய் தனக்கேற்ப மாற்றி எழுதுதல்) இரண்டும் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய நிரலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மீன்களை வெக்டர் என்ற பட்டியலில் நேரடியாக, மதிப்பாகவே போட்டிருக்கிறீர்கள். சூரையை அதில் போடும்போது மீனுக்குரிய பகுதி மட்டும் நகலாகி, சூரைக்கே உரியது வெட்டுப்பட்டுப் போகும். அதன்பிறகு வெர்ச்சுவல் எழுதினாலும் பயனில்லை, அங்கே இப்போது சூரையே கிடையாது. பாயின்டர்களை, அதாவது பொருள் இருக்கும் இடத்தின் முகவரிகளை, வையுங்கள், பொருளுக்குத் தானே ஒரே உரிமையாளராக இருக்கும் யுனீக் பாயின்டர் என்றால் நல்லது. பொருளை அழிக்கும்போது ஓடும் டெஸ்ட்ரக்டரையும் தாய் வகுப்பில் வெர்ச்சுவல் ஆக்குங்கள். இல்லாவிட்டால் தாயின் பாயின்டர் வழியாகச் சேயை அழிக்கும்போது என்ன நடக்கும் என்பதற்குச் சி++ எந்த உறுதியும் தராது.

கிண்ணியா இளைஞர்: எல்லாவற்றையும் வெர்ச்சுவல் ஆக்கினால் வேகம் குறையாதா?

உங்கள் கணக்கு நிரலில் தெரியாது தம்பி. வழக்கமான கம்பைலர்கள் ஒவ்வொரு பொருளிலும் ஒரு மறைவான பாயின்டரை வைக்கின்றன, 64 பிட் கணினியில் 8 பைட். அது வகுப்பின் மெதட் அட்டவணையைக் காட்டும். அழைக்கும்போது அந்த அட்டவணையைப் பார்க்கும் செலவு சிறியது. மெதட்டின் உடலை அழைத்த இடத்திலேயே விரித்து எழுதும் வாய்ப்பைக் கம்பைலர் பல நேரம் இழப்பதுதான் பெரிய செலவு. அளந்து பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

மூதூர் இளைஞர்: பொருளை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் ஒரு மெதட்டை அழைக்கிறேன். ஜாவாவில் 'நல்' (மதிப்பு எதுவும் இல்லை) வருகிறது, சி ஷார்ப்பில் சரியாக வருகிறது, சி++இல் வேறு மெதட்டே ஓடுகிறது. எது பிழை?

மூன்றும் தத்தம் விதிப்படிதான் நடக்கின்றன. இந்த ஒரு பொறியில் நான் இரண்டு இரவுகளைத் தொலைத்திருக்கிறேன், அதனால் மெதுவாகவே சொல்கிறேன். மீனின் கன்ஸ்ட்ரக்டர் 'சீட்டு' என்ற மெதட்டை அழைக்கிறது என்று வையுங்கள். சூரை அதை ஓவர்ரைட் செய்து, தன்னுடைய 'தரம்' என்ற புலத்தை (பொருள் தனக்குள் வைத்திருக்கும் மதிப்பை) அச்சிடுகிறது. அந்தப் புலத்துக்கு அறிவிக்கும் இடத்திலேயே 'முதல்தரம்' என்று மதிப்புக் கொடுத்திருக்கிறோம்.

ஜாவாவில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போதே அழைப்பு சேயின் சீட்டுக்குப் போய்விடும். ஆனால் சேயின் புலங்களுக்கு அப்போது மதிப்பு வந்திருக்காது, ஆகவே நல். சி ஷார்ப்பிலும் சேயின் சீட்டுதான் ஓடும். அங்கே சேயின் புலங்களுக்கான தொடக்க மதிப்புகள் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே இடப்படுவதால் 'முதல்தரம்' வரும். அதே மதிப்பைச் சேயின் கன்ஸ்ட்ரக்டர் உடலுக்குள் இட்டிருந்தால் அங்கேயும் நல்தான். சி++ இன்னும் கண்டிப்பானது. தாயின் கன்ஸ்ட்ரக்டர் முடியும்வரை அந்தப் பொருள் வெறும் மீன், அதனால் மீனின் சீட்டே ஓடும். சி++இன் முடிவுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. பாதி கட்டிய வீட்டில் ஆளைக் குடிவைக்கக் கூடாது.

மாற்றும்போது இந்த மூன்றையும் ஒத்துப்போகச் செய்ய முயலாதீர்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள் இருக்கும் அழைப்பை வெளியே எடுத்து, பொருள் முழுதாக உருவான பிறகு அழையுங்கள். அதை மூல மொழியிலேயே முதலில் செய்து, சோதித்துவிட்டு, அப்புறம் மாற்றுங்கள்.

நிலாவெளி மாணவர்: ஜாவாவில் மீனுக்கு ஒன்று, சூரைக்கு ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு 'எடைபோடு' மெதட் இருக்கிறது. பைதானுக்கு எப்படி மாற்றுவது?

அப்படியே எழுதினால் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். பைதானில் ஒரு வகுப்புக்குள் ஒரு பெயருக்கு ஒரே மெதட். அதற்கு முன் ஜாவாவில் எது ஓடியது என்று பாருங்கள். கையளிக்கும் பொருளின் அறிவிக்கப்பட்ட வகையை வைத்துக் கம்பைலரே அங்கே தேர்ந்தெடுக்கிறது. மீன் என்று அறிவித்த மாறியில் சூரை இருந்தாலும் மீனுக்கான எடைபோடுதான் ஓடும். பலர் இதையும் டைனமிக் என்று நம்பி, பைதானில் பொருளின் வகையைச் சோதித்துக் கிளை பிரிக்கிறார்கள், விடை மாறிவிடுகிறது. இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். ஜாவா எதை அழைத்ததோ அதை அந்தந்த இடத்தில் பெயர் சொல்லி அழையுங்கள்.

ஓர் ஆசிரியர்: 'வெர்ச்சுவல்' என்ற சொல் சி++இல் பிறந்ததா?

இல்லை சேர். நோர்வேயில் ஒலே-யோஹான் டாலும் கிரிஸ்டன் நீகோர்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே அது இருந்தது. அவர்கள் இருவருக்கும் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்கு கிடைத்தது.

உப்புவெளி மாணவி மீண்டும்: மாற்றும் கருவியை நம்பலாமா அக்கா?

எழுத்தை மாற்ற நம்பலாம், நடத்தைக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஓவர்ரைட் செய்யப்படும் ஒவ்வொரு மெதட்டின் முதல் வரியிலும் வகுப்பின் பெயரை அச்சிடச் செய்யுங்கள். பழைய நிரலையும் புதியதையும் ஒரே தரவில் ஓடவிட்டு, இரண்டு பட்டியல்களையும் அருகருகே வையுங்கள். பழையதில் 'சூரை' என்றும் புதியதில் 'மீன்' என்றும் இருக்கும் முதல் வரியில் நில்லுங்கள். சி++இல் சேயின் மெதட்களுக்கு 'ஓவர்ரைட்' என்று எழுதும் வசதி 2011 முதல் உண்டு. அதை எழுதினால் தாயில் வெர்ச்சுவல் விடுபட்ட இடத்தைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். உங்கள் முதல் பிழையை அந்த ஒரு சொல்லே அன்றைக்கே பிடித்திருக்கும்.